யூகேல வாடகை வீட்டுக்குக் குடி வந்தாச்சா? வாஷிங் மெஷின் நம்பரை முதல்ல பாருங்க

யூகேவுக்குப் புதுசா வர்றவங்க முதல் மாசம் முழுக்க பேங்க் அக்கவுண்ட், ஜிபி (நம்ம ஏரியா டாக்டர்) ரெஜிஸ்ட்ரேஷன், கவுன்சில் டாக்ஸ், பிராட்பேண்ட்னு ஓடிட்டே இருப்பீங்க, அதுக்கு நடுவுல வீட்ல இருக்கற வாஷிங் மெஷின் எந்த கம்பெனின்னு கூட கவனிக்க நேரம் இருக்காது. துணி துவைக்குதா, போதும். ஃப்ரிட்ஜ் குளிருதா, போதும். ஆனா நாம வந்து இறங்கற வீடுகள்ல பெரும்பாலும் எந்த மெஷினும் நாம வாங்கினது கிடையாது. லேண்ட்லார்ட் வாங்கினதா இருக்கும், இல்ல அவருக்கு வீட்டை வித்தவங்க விட்டுட்டுப் போனதா இருக்கும், அதுவும் இல்லன்னா ஊருக்கே கிளம்பற ஏதோ ஒரு குடும்பம் வாட்ஸப் குரூப்ல "எல்லாம் சேர்த்து குடுத்துடறோம், வந்து எடுத்துக்கங்க"ன்னு போட்டதா இருக்கும். அந்த மெஷின்ல கோளாறு இருக்குன்னு கம்பெனியே கண்டுபிடிச்சு, ஓட்டாதீங்க, நாங்க மாத்தித் தர்றோம்னு சொன்னாலும் (இதைத்தான் ரீகால்னு சொல்றாங்க) அந்த லெட்டர் முதல் முதல்ல பில் போட்டு வாங்கினவரோட பழைய அட்ரஸுக்குத்தான் போகும். உங்க கைக்கு வரவே வராது.

இங்க எலக்ட்ரிக்கல் சேஃப்டி ஃபர்ஸ்ட்னு ஒரு சாரிட்டி இருக்கு. அவங்க கணக்குப்படி கரண்ட் சாமானுக்கு ரீகால் அறிவிச்சா சராசரியா நூத்துல பத்துல இருந்து இருபது பீஸ்தான் சரி பண்ணவோ திரும்ப எடுக்கவோ கம்பெனி கைக்குக் கிடைக்குது. மீதி எல்லாம் யார் வீட்லயோ இன்னும் ஓடிட்டு இருக்கு. அந்த யாரோ பெரும்பாலும் வாடகைக்கு இருக்கறவங்களும் செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்களும்தான், அதாவது நம்ம ஆளுங்க. அதனால மெஷின் யாரோடதா இருந்தாலும் நம்பரை நீங்கதான் பார்க்கணும், வேற யாரும் உங்களுக்காகப் பார்க்க மாட்டாங்க.

ரீகால்னா என்ன, எதுக்கு இவ்ளோ பில்டப்

ஊர்ல கார், பைக்குக்கு ரீகால் வந்ததா நியூஸ்ல பார்த்திருப்போம். இங்க துணி காய வைக்கற டிரையர், ஃப்ரிட்ஜ், டிஷ்வாஷர், சார்ஜர், ஹேர் ஸ்ட்ரெய்ட்னர்னு எல்லாத்துக்கும் வரும். யூகேல இதுவரைக்கும் நடந்ததுலயே பெரிய கூத்து வேர்ல்பூல் டிரையர் விஷயம்தான், அதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா ரீகால் எப்படி எல்லாம் இழுத்தடிக்கப்படும்ங்கறது அதுலயே தெரிஞ்சிடும்.

2004 ஏப்ரல்ல இருந்து 2015 செப்டம்பர் வரைக்கும் தயாரான டிரையர்கள். ஹாட்பாயிண்ட், இண்டெசிட், கிரெடா, ஸ்வான், புரோலைன்னு அஞ்சு பேர்ல வித்தாங்க. துணி காயும்போது பறக்கற பஞ்சுத் தூசி உள்ள ஹீட்டர் மேல விழுந்து பத்திக்க வாய்ப்பு இருக்குங்கறதுதான் கோளாறு. 2015 நவம்பர்ல கம்பெனி இதை வெளிய சொன்னப்ப ரீகால்னு சொல்லல, ஆள் அனுப்பி ரிப்பேர் பண்ணித் தர்றோம்னாங்க, அந்த ஆள் வர்றதுக்கு மாசக்கணக்குல வெயிட்டிங், அதுவரைக்கும் என்ன பண்றதுன்னு கேட்டா பக்கத்துல ஆள் இருந்தா ஓட்டிக்கலாம்னு பதில். அடுத்த வருஷமே, 2016 ஆகஸ்ட் 19ஆம் தேதி, மேற்கு லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ல 18 மாடிக் கட்டடத்துல ஏழாவது மாடில ஒரு இண்டெசிட் டிரையர் பத்திக்கிட்டு பல மாடிக்குத் தீ ஏறிடுச்சு, 120 தீயணைப்பு வீரர்கள் வந்துதான் அணைச்சாங்க. அதுக்கப்புறமும் 2017 பிப்ரவரிலதான் கம்பெனி "பிளக்கைப் பிடுங்கிடுங்க, ஓட்டவே ஓட்டாதீங்க"ன்னு மாத்திச் சொன்னாங்க. முழு ரீகால் வந்தது 2019 ஜூலைல, அதுவும் அரசு நெருக்கினதுக்கு அப்புறம். அப்ப கூட லட்சக்கணக்கான மெஷின் சரி பண்ணாம வீடுகள்ல கிடந்துச்சு.

அந்த வருஷம் டிசம்பர்லயே அதே குரூப்போட ஹாட்பாயிண்ட், இண்டெசிட் வாஷிங் மெஷின் 5 லட்சத்துக்கு மேல ரீகால் ஆச்சு, கதவு லாக் சூடாகி பத்திக்கும்னு. அது 2014 அக்டோபர்ல இருந்து 2018 பிப்ரவரி வரைக்கும் தயாரானது. இந்த வயசு மெஷின் இன்னிக்கும் எத்தனையோ வாடகை வீட்டு கிச்சன்ல ஓடிட்டு இருக்கும்.

உடனே அந்த கம்பெனியை மட்டும் திட்டிட்டு நம்ம வீட்ல வேற பிராண்டுன்னு நிம்மதியாகிடாதீங்க. பேக்கோ ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர்ல ஐஸ் கரைக்கற டைமர்ல தண்ணி இறங்கி ஷார்ட் ஆகற பிரச்சனைக்கு 2011ல லண்டன் ஃபயர் பிரிகேட் எச்சரிக்கை விட்டாங்க, 2000க்கும் 2006க்கும் நடுவுல தயாரான மாடல்கள் அது. நம்ம ஊர்ல கண்ணை மூடிட்டு நம்பற பாஷ் கம்பெனியோட டிஷ்வாஷருக்கும் ரீகால் வந்திருக்கு. பிராண்டு பேரை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, மாடல் நம்பரும் தயாரிச்ச தேதியும்தான் பேசும்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். 2017 ஜூன் 14 விடியக் காலைல லண்டன்ல கிரென்ஃபெல் டவர்ங்கற அடுக்குமாடிக் கட்டடத்துல 72 பேர் இறந்துபோனாங்களே, அந்தத் தீ நாலாவது மாடி ஃப்ளாட்ல ஒரு ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர் கிட்டதான் ஆரம்பிச்சது, ஹாட்பாயிண்ட் எஃப்எஃப்175பிபி மாடல். தீ கட்டடம் முழுக்கப் பரவினதுக்கு வெளிச்சுவர்ல ஒட்டின கிளாடிங்தான் காரணம், அது வேற பெரிய கதை. ஆனா அந்த ஃப்ரிட்ஜ் மாடலை அரசு தரப்புல சோதிச்சுப் பார்த்துட்டு ஆபத்து குறைவு, ரீகால் தேவையில்லன்னுட்டாங்க. லிஸ்ட்ல உங்க மெஷின் இல்லன்னா ஒரு கவலை குறைஞ்சுதுன்னு வேணா எடுத்துக்கலாம், தீயே பிடிக்காதுன்னு எடுத்துக்க முடியாது. அதனாலதான் நம்பர் பார்க்கறது பாதி வேலை, நாம எப்படி உபயோகிக்கறோம்ங்கறது மீதி. ரெண்டையும் சொல்றேன்.

முதல் வேலை: நம்பரைக் கண்டுபிடிக்கறது

மொபைல்ல டார்ச்சைப் போட்டுக்கங்க. ஒவ்வொரு மெஷின்லயும் ஒரு சின்ன வெள்ளி கலர் ஸ்டிக்கரோ தகடோ இருக்கும், ரேட்டிங் பிளேட்னு சொல்லுவாங்க. முன்னாடி பெருசா எழுதி இருக்கற பேரு விளம்பரத்துக்கு, அது உதவாது.

வாஷிங் மெஷின்ல கதவைத் திறந்தா வட்டமா இருக்கற விளிம்புல இல்ல கதவோட உள்பக்கத்துல இருக்கும். டிரையர்லயும் கதவு விளிம்புதான், சிலதுல பின்பக்கம். ஃப்ரிட்ஜ்ல காய்கறி டிரே பக்கத்துல உள்சுவர்ல ஒட்டி இருப்பாங்க, டிரேயை வெளிய எடுத்தாத்தான் கண்ணுல படும், சாம்பார்க் கறை எல்லாம் துடைச்சுட்டுப் பாருங்க. டிஷ்வாஷர்னா கதவோட பக்கவாட்டு விளிம்பு. ஓவன்னா கதவைத் திறந்ததும் ஃப்ரேம்ல. மைக்ரோவேவ் பின்னாடி. கெட்டில், டோஸ்டர், ஹீட்டர் எல்லாம் கவுத்துப் பார்த்தா அடில.

அதுல மாடல் நம்பர், சீரியல் நம்பர்னு ரெண்டு இருக்கும், ரெண்டும் வேணும். ஒரே மாடல்ல குறிப்பிட்ட மாசத்துல தயாரானது மட்டும் ரீகால் ஆகியிருக்கும், அதை சீரியல் நம்பரை வெச்சுத்தான் பிரிக்கறாங்க. எழுதிக்கறேன்னு உக்காந்தா பூஜ்யத்துக்கும் ஓ எழுத்துக்கும் குழம்பும், ஃபோட்டோவே எடுத்துக்கங்க. கிச்சன் அலமாரிக்குள்ள கதவு போட்டு மறைச்ச மெஷினை இழுத்து வெளிய எடுக்கணும்னா நீங்களா பண்ணாதீங்க, தண்ணி பைப் கழண்டு கீழ் வீட்டுக்காரரோட சண்டை வரும், லேண்ட்லார்ட் கிட்டயோ ஏஜென்ட் கிட்டயோ மாடல் நம்பர் கேட்டு ஒரு ஈமெயில் போட்டா போதும்.

ரெண்டாவது: எங்க தேடறது

எலக்ட்ரிக்கல் சேஃப்டி ஃபர்ஸ்ட் சைட்ல ரீகால் செக்கர் இருக்கு, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அதுதான் சுலபம், பிராண்டும் மாடலும் போட்டா சொல்லிடும். அடுத்து அரசோட கவ் டாட் யூகே சைட்ல புராடக்ட் சேஃப்டி அலர்ட்ஸ், ரிப்போர்ட்ஸ் அண்ட் ரீகால்ஸ்னு ஒரு பக்கம், இது ஓபிஎஸ்எஸ்னு 2018ல ஆரம்பிச்ச அரசு அலுவலகம் நடத்தறது, ஆன்லைன்ல விக்கற பேர் தெரியாத சார்ஜர், ஹீட்டர், பேட்டரி எல்லாம் இதுலதான் மாட்டும். கடைசியா கம்பெனியோட சொந்த சைட். பெரிய மெஷின்கள், அதாவது டிரையர், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், டிஷ்வாஷர் நாலுக்கும் கம்பெனி சைட்லயும் ஒரு தடவை போட்டுப் பாருங்கன்னு சொல்லுவேன், ஏன்னா சீரியல் நம்பர் வரைக்கும் செக் பண்ற வசதி அங்கதான் இருக்கும்.

அந்த வேர்ல்பூல் டிரையர்கள்ல மட்டும் கதவு உள்பக்கமோ பின்னாடியோ பச்சைப் புள்ளி ஸ்டிக்கர் இருந்தா அது பிரச்சனை இல்லாதது இல்ல சரி பண்ணினதுன்னு அர்த்தம். ஸ்டிக்கர் இருந்தாலும் நம்பரைப் போட்டு ஒரு வாட்டி பார்த்துடறதுல தப்பில்ல.

மூணாவது: உங்க பேர்ல ரெஜிஸ்டர் பண்றது

ரெஜிஸ்டர் மை அப்ளையன்ஸ்னு ஒரு சைட், மெஷின் தயாரிக்கற கம்பெனிகளோட சங்கம் நடத்தறது, 2015ல இருந்து இருக்கு. அதுல பெரும்பாலான பெரிய பிராண்டுகளும் வரும், செகண்ட் ஹேண்ட் மெஷினையும் ரெஜிஸ்டர் பண்ணலாம், பில் இல்லன்னா பரவாயில்ல. இதைப் பண்ணிட்டா நாளைக்கு ரீகால் வந்தா தகவல் உங்களுக்கு வரும். நம்மாளுங்க இதைப் பண்ணாததுக்குக் காரணம் வாரண்ட்டி இன்ஷூரன்ஸ் வாங்குங்கன்னு மெயில் போட்டே சாகடிப்பாங்கன்னு ஒரு பயம், அது கொஞ்சம் நியாயமான பயம்தான். விளம்பரம் வேணாம்ங்கறதுக்குத் தனியா டிக் பாக்ஸ் இருக்கும், அதைக் கவனமா படிச்சுட்டு சப்மிட் பண்ணுங்க.

லிஸ்ட்ல உங்க மெஷின் இருந்துட்டா

ஸ்விட்சை ஆஃப் பண்ணி பிளக்கை வெளிய பிடுங்குங்க, அன்னிக்கே. இந்த ஒரு லோடு மட்டும் போட்டுடறேன், நாளைக்குக் குழந்தைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் வேணும்னு ஓட்டாதீங்க, பக்கத்துல லாண்டரெட் இருக்கும், கொஞ்சம் பவுண்ட் செலவாகும், ஆகட்டும். ஃப்ரிட்ஜா இருந்தாத்தான் கஷ்டம், ரீகால் நோட்டீஸ் என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்க, நிறுத்தச் சொன்னா நிறுத்திட்டு பக்கத்து வீட்ல கொஞ்சம் இடம் கேளுங்க. இன்சுலின் மாதிரி மருந்து உள்ள இருந்தா அதை கம்பெனிக்கு ஃபோன் பண்ணும்போது முதல் வார்த்தையாவே சொல்லுங்க, அவசரம் புரியும்.

மெஷின் உங்களோடதுன்னா நேரா கம்பெனிக்குச் சொல்லுங்க. ரிப்பேரோ, புது மெஷினோ, பணமோ எதுவா இருந்தாலும் அதுக்கு நீங்க காசு கட்டத் தேவையில்ல. 2019 டிரையர் ரீகால்ல ஃப்ரீயா வேற மெஷின், ஃப்ரீயா ரிப்பேர், வயசைப் பொறுத்து 150 பவுண்ட் வரைக்கும் பணம்னு எல்லா வழியும் குடுத்தாங்க. யாராவது ஃபோன் பண்ணி உங்க டிரையர் ரீகால்ல இருக்கு, கார்டு நம்பர் சொல்லுங்கன்னா அது ஃப்ராடு, வெச்சுடுங்க, வெச்சுட்டு சைட்ல இருக்கற நம்பருக்கு நீங்களா கூப்பிட்டுக் கேளுங்க.

லேண்ட்லார்டோட மெஷின்னா வாய்வார்த்தையா சொல்லிட்டு விட்டுடாதீங்க. ஃபோன்ல சொல்லுங்க, ஆனா பின்னாடியே ஈமெயிலும் போடுங்க: இந்த மாடல், இந்த சீரியல், இந்த ரீகால், இன்னிக்கு பிளக்கைப் பிடுங்கிட்டோம், எப்ப மாத்துவீங்க. ரேட்டிங் பிளேட் ஃபோட்டோவும் ரீகால் பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்துடுங்க. நம்ம ஆளுங்கள்ல நிறையப் பேர் "ஓனர் அண்ணன் நம்ம ஊர்க்காரர், ஈமெயில் எல்லாம் போட்டா தப்பா எடுத்துப்பார்"னு தயங்கறாங்க. அண்ணனாவே இருக்கட்டும், "அண்ணே, ரெக்கார்டுக்காக ஒரு மெயில் போட்டிருக்கேன், பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போடுங்க, எழுத்துல இருந்தாத்தான் பின்னாடி கவுன்சிலோ இன்ஷூரன்ஸோ கேட்கும்போது காட்ட முடியும். பதிலே வரலன்னா உங்க கவுன்சிலோட ஹவுசிங் டிபார்ட்மென்ட்டுக்குப் போகலாம். கம்பெனியோ கடையோ இழுத்தடிச்சா சிட்டிசன்ஸ் அட்வைஸ் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 0808 223 1133, இங்கிலாந்துல இது ஃப்ரீ கால், அவங்க டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு (கடை, கம்பெனிகளைக் கண்காணிக்கற கவுன்சில் பிரிவு) தகவலை அனுப்பிடுவாங்க. விசாவுக்கு ஏதாவது ஆகுமோன்னு யோசிக்காதீங்க, வாஷிங் மெஷின் கம்ப்ளெயின்ட்டுக்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

ரீகால் ஆன மெஷினை குரூப்ல போட்டு விக்கறது, ஃப்ரீயா எடுத்துக்கங்கன்னு வாசல்ல வைக்கறது, புதுசா வந்த ஸ்டூடண்ட் பசங்களுக்குத் தானமா குடுக்கறது எல்லாம் வேண்டவே வேண்டாம். உங்க தலைவலியை இன்னொருத்தர் வீட்டுக்குத் தூக்கிக் குடுக்கற வேலை அது.

வீட்டு வயரிங் பத்தி ஒரு விஷயம், எல்லாரும் குழப்பிக்கறது. இங்கிலாந்துல வாடகை வீட்டுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஈஐசிஆர்னு எலக்ட்ரிக்கல் சர்டிஃபிகேட் எடுக்கணும், குடி வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு காப்பி தரணும், தரலன்னா கேட்டு வாங்குங்க. ஆனா அது சுவருக்குள்ள ஓடற வயரிங், சாக்கெட், ஃப்யூஸ் பாக்ஸுக்குத்தான். பிளக்ல சொருகற டிரையர், ஃப்ரிட்ஜை அதுல பார்க்க மாட்டாங்க. சர்டிஃபிகேட் இருக்குன்னு காட்டி மெஷினும் சேஃப்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஸ்காட்லாந்துல லேண்ட்லார்ட் குடுக்கற மெஷினுக்கும் தனியா டெஸ்ட் பண்ணணும்.

இனி உபயோகிக்கறது பத்தி

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லதான் பாதி வம்பு. இங்க ஒரு சாக்கெட்டுக்கு 13 ஆம்ப், அதாவது கிட்டத்தட்ட 3000 வாட். எக்ஸ்டென்ஷன்ல நாலு ஓட்டை இருந்தாலும் மொத்தமா சேர்த்தே அவ்ளோதான், சில மலிவு எக்ஸ்டென்ஷனுக்கு 10 ஆம்ப்தான், அடில எழுதியிருக்கும். கெட்டில் ஒண்ணே 3000 வாட், ஃபேன் ஹீட்டர் 2000 வாட், ரெண்டையும் ஒரே பாக்ஸ்ல போட்டா 20 ஆம்ப்புக்கு மேல இழுக்கும். அதிகமானா ஃப்யூஸ் போயிடும்தானேன்னு கேப்பீங்க. அங்கதான் விஷயம், 13 ஆம்ப் ஃப்யூஸ் 20 ஆம்ப்ல டப்னு போகாது, ரொம்ப நேரம் தாங்கும், அந்த நேரம் முழுக்க பிளக்கும் வயரும் சூடாகிட்டே இருக்கும். ஹீட்டர், கெட்டில், டிரையர், வாஷிங் மெஷின், ஏர் ஃப்ரையர், ஃப்ரிட்ஜ் எல்லாம் நேரா சுவர் சாக்கெட்ல. எக்ஸ்டென்ஷன் லேப்டாப்புக்கும் மொபைலுக்கும் டிவிக்கும். ஒரு எக்ஸ்டென்ஷன்ல இன்னொரு எக்ஸ்டென்ஷன் சொருகறதை நம்ம ஷேரிங் வீடுகள்ல பார்க்காத நாளே இல்ல, தயவு பண்ணி வேண்டாம். பிளக்கைத் தொட்டா சுடுதா, பழுப்பு நிறமா ஆகியிருக்கா, கருகின மீன் மாதிரி வாடை வருதா, இதுல எது இருந்தாலும் அந்த சாக்கெட்டை விட்டுடுங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்க.

மிக்ஸி. ஊர்ல இருந்து பெட்டில தூக்கிட்டு வர்றோம், வோல்டேஜ் ரெண்டு ஊர்லயும் 230தான், அதனால ஓடும். பிரச்சனை பிளக்ல. ஏர்போர்ட்ல வாங்கின டிராவல் அடாப்டர்ல நம்ம உருண்டை பின்னைச் சொருகி இட்லி மாவும் தேங்காச் சட்னியும் வருஷக்கணக்கா அரைக்கறோம், அந்த அடாப்டர் பயணத்துல மொபைல் சார்ஜ் பண்ணச் செஞ்சது, உள்ள பிடிமானம் லூஸ் ஆகி நெருப்புப்பொறி பறக்கும். வயரோட முனைல இங்கத்த 13 ஆம்ப் பிளக்கையே மாத்திடறது நல்லது, 750 வாட் மிக்ஸிக்கு 5 ஆம்ப் ஃப்யூஸ் போதும், 13 போடத் தேவையில்ல. பழைய மிக்ஸில வயர் சிவப்பு, கருப்பு, பச்சைன்னு இருக்கும், இங்க பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள், மாத்திக் குடுத்தா வம்பு, தெரிஞ்சவங்களை வெச்சுப் பண்ணுங்க.

டிரையர் பத்திக் கொஞ்சம் அதிகமாவே சொல்லணும், ஏன்னா ஊர்ல நாம மொட்டை மாடில காயப் போட்டு வளர்ந்தவங்க, இதோட பழக்கம் நமக்குக் கிடையாது. ஒவ்வொரு லோடுக்கும் அப்புறம் பஞ்சு ஃபில்டரை எடுத்துச் சுத்தம் பண்ணணும், வாரத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சுக்காதீங்க, ஒவ்வொரு லோடுக்கும். ராத்திரி போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க, வெளியயும் கிளம்பாதீங்க. ராத்திரி கரண்ட் ரேட் கம்மின்னு சொல்றவங்க இருக்காங்க, அந்த மிச்சம் வேண்டாம். கடைசில ஹீட் இல்லாம சுத்தற கூல் டவுன் முடியறதுக்குள்ள பாதில நிறுத்தித் துணியை எடுக்காதீங்க.

இன்னொண்ணு, நமக்குன்னே உள்ள ஆபத்து, எண்ணெய்த் துணி. சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டுத் துவட்டின டவல், தலைக்குத் தடவற எண்ணெய் ஏறின தலையணை உறை, வடை சட்டியைத் துடைச்ச கிச்சன் துணி. எண்ணெய் காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேரும்போது தானாவே கொஞ்சம் கொஞ்சமா சூடாகும், நல்லெண்ணெய் மாதிரி எண்ணெய்கள்ல அது அதிகம். சாதாரணமா அந்தச் சூடு வெளிய போயிடும். டிரையர்ல சூடான துணியைக் குவியலா விட்டாலோ, சுடச்சுட எடுத்து மடிச்சு அடுக்கி வெச்சாலோ சூடு வெளிய போக வழியில்லாம உள்ளயே ஏறி, யாரும் பத்த வைக்காமலே புகைய ஆரம்பிக்கும், சில நேரம் மெஷின் நின்னு மணிக்கணக்கு ஆனதுக்கு அப்புறம் கூட. ஜில் தண்ணில சும்மா ஒரு அலசு அலசினா எண்ணெய் போகாது. அந்தத் துணியை மட்டும் தனியா சுடு தண்ணில சோப்பு தாராளமா போட்டுத் துவைச்சு கொடில காயப் போடுங்க, டிரையர் பக்கமே கொண்டு போகாதீங்க.

ஓவனைப் பாத்திர அலமாரியா வெச்சிருக்கற வீடு நம்மள்ல ஏராளம், நாம பேக் பண்றது கம்மிதானே. குக்கர் மூடி, கேஸ்கெட், பிளாஸ்டிக் டப்பா எல்லாம் உள்ள இருக்கும், அம்மா ஊர்ல இருந்து வந்து அடுப்பு பத்த வைக்கறேன்னு வேற குமிழைத் திருப்பினா முடிஞ்சது. காலி பண்ணிடுங்க, இல்லன்னா ஓவனுக்குன்னு தனி ஸ்விட்ச் சுவர்ல இருக்கும், அதை ஆஃப்லயே வைங்க. கிரில் டிரேல சேர்ந்த கொழுப்பையும் அப்பப்ப கழுவிடுங்க. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி காத்து போக இடம் விடுங்க, பின்னாடி சேர்ற தூசியை வாக்யூம் பண்ணுங்க. புதுசா வாங்கறதா இருந்தா பின்பக்கம் பிளாஸ்டிக் இல்லாம மெட்டலா இருக்கான்னு பாருங்க, பழைய பிளாஸ்டிக் பேக் ஃப்ரிட்ஜ்ல தீ பிடிச்சா இன்சுலேஷன் ஃபோம் வரைக்கும் சீக்கிரம் போயிடும்.

டெலிவரி வேலைக்கு ஈபைக் ஓட்டற பசங்களுக்கு இது ரொம்ப முக்கியம், நிதானமா படிங்க தம்பிகளா. லண்டன்ல இப்ப வேகமா அதிகமாகற தீ விபத்துன்னா லித்தியம் பேட்டரிதான். 2023 மார்ச்ல கிழக்கு லண்டன் ஷாட்வெல்ல ஏகப்பட்ட பேர் நெருக்கியடிச்சுத் தங்கியிருந்த ஒரு ஃப்ளாட்ல ஈபைக் பேட்டரி வெடிச்சு ஒருத்தர் இறந்துபோனார். சாதா சைக்கிளுக்கு மோட்டார் கிட் மாட்டி, ஆன்லைன்ல மலிவா பேட்டரி வாங்கி, வேற எதோ சார்ஜர்ல போடறதுதான் இதுல மோசம். பிளக் சேர்ந்துடுச்சுன்னா சார்ஜர் பொருந்துதுன்னு அர்த்தம் இல்ல, வோல்டேஜ் வேறயா இருக்கும். யூபிபி யூ004 (UPP U004)ன்னு வித்த பேட்டரிகளை உபயோகிக்கவே வேண்டாம்னு ஓபிஎஸ்எஸ் எச்சரிச்சிருக்காங்க, உங்க பேட்டரி மேல அந்த எழுத்து இருக்கான்னு இப்பவே போய்ப் பாருங்க. தூங்கும்போது சார்ஜ் போடாதீங்க, வாசலுக்குப் போற நடைல போடவே போடாதீங்க. லித்தியம் பேட்டரி பத்திக்கிட்டா புகை மெதுவா எல்லாம் வராது, சில நொடில ரூம் முழுக்க நெருப்பு, வெளிய போற வழிலயே அது எரிஞ்சா உள்ள இருக்கறவங்க மாட்டிக்குவாங்க. மாடிப்படிக்குக் கீழ டிரையர் வைக்கறதுலயும் அதே பிரச்சனைதான்.

மொபைல் சார்ஜர் போலியான்னு பார்க்க ஒரு சின்ன வழி இருக்கு. பின்னோட ஓரத்துல இருந்து சார்ஜர் விளிம்பு வரைக்கும் குறைஞ்சது 9.5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். ஸ்கேல் வெச்சுப் பாருங்க, கம்மியா இருந்தா குப்பைல.

ஸ்மோக் அலாரம்

இங்கிலாந்துல வாடகை வீட்ல ஆள் இருக்கற ஒவ்வொரு மாடிக்கும் குறைஞ்சது ஒரு ஸ்மோக் அலாரம் இருக்கணும், குடி வர்ற அன்னிக்கு அது வேலை செய்யுதான்னு செக் பண்றது லேண்ட்லார்ட் கடமை. ஸ்காட்லாந்துல 2022 பிப்ரவரில இருந்து எல்லா வீட்லயும் ஒண்ணு அடிச்சா எல்லாம் அடிக்கற மாதிரி இணைச்ச அலாரம் வேணும். சட்டம் எல்லாம் சரி, நாம பண்றது என்ன? மிளகாய் தாளிக்கும்போது கத்துதுன்னு ஷவர் கேப்பை மாட்டி மூடறோம், இல்ல பேட்டரியைக் கழட்டி ரிமோட்ல போட்டுடறோம். கிச்சனுக்குள்ள ஸ்மோக் அலாரத்துக்குப் பதிலா ஹீட் அலாரம் மாட்டித் தரச் சொல்லி லேண்ட்லார்ட் கிட்ட கேளுங்க, அது புகைக்குக் கத்தாது, சூட்டுக்குத்தான் கத்தும், தாளிப்புக்கு ஒண்ணும் ஆகாது. மத்த இடத்துல இருக்கறதை மாசத்துக்கு ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பாருங்க. ஃப்யூஸ் பாக்ஸ்ல ஆர்சிடிக்கு (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற ஸ்விட்ச்) டெஸ்ட் பட்டன் இருக்கும், அதை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை.

லண்டன்ல இருக்கறவங்களுக்கு ஃபயர் பிரிகேட் சைட்ல ஹோம் ஃபயர் சேஃப்டி செக்கர் இருக்கு, கேள்விக்குப் பதில் சொன்னா உங்க வீட்டுக்கு என்ன பண்ணணும்னு சொல்லும், வயசானவங்க இல்ல ஆபத்து அதிகம் உள்ளவங்க இருந்தா நேர்லயே வந்து ஃப்ரீயா பார்ப்பாங்க.

நிஜமாவே பத்திக்கிட்டா

டிரையரோ ஓவனோ உள்ள எரிஞ்சா கதவைத் திறக்காதீங்க, திறந்தா காத்து போய் குப்னு பிடிக்கும். மெயின் ஸ்விட்ச் கைக்கு எட்டற தூரத்துல பத்திரமா இருந்தா மட்டும் ஆஃப் பண்ணுங்க. கரண்ட்ல ஓடற எதுலயும் தண்ணி ஊத்தாதீங்க. எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போங்க, போகும்போது ஒவ்வொரு கதவையும் சாத்திட்டே போங்க, பாஸ்போர்ட் ஃபைல், நகைன்னு திரும்ப உள்ள போகாதீங்க. வெளிய நின்னு 999க்குக் கூப்பிடுங்க, வீட்டு நம்பரும் போஸ்ட்கோடும் சொல்லுங்க, இங்கிலீஷ் தடுமாறினா "தமிழ்"னு சொல்லுங்க, மொழிபெயர்ப்பாளர் லைன்ல வருவாங்க. ஃபயர் எஞ்சின் வந்தா பில் வருமான்னு தயங்கறவங்களைப் பார்த்திருக்கேன், தீயை அணைக்கறதுக்கு இங்க காசு கிடையாது.

அணைஞ்சதுக்கு அப்புறம் எரிஞ்ச மெஷினை அவசரமா தூக்கிப் போட விடாதீங்க, கம்பெனிக்காரங்க வந்து நாங்களே எடுத்துட்டுப் போறோம்னு சொன்னாலும் உங்க இன்ஷூரன்ஸ் கிட்ட கேட்காம குடுக்காதீங்க, காரணம் என்னன்னு நிரூபிக்க அந்த மெஷின்தான் சாட்சி. லேண்ட்லார்ட் எடுத்திருக்கற இன்ஷூரன்ஸ் கட்டடத்துக்கும் அவரோட சாமானுக்கும்தான், உங்க துணிமணி, லேப்டாப்புக்கு நீங்க தனியா கன்டென்ட்ஸ் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கணும். க்ளெய்ம் பண்ணும்போது மாடல் நம்பர் கேப்பாங்க, அந்தத் தகடு தீயில போயிருக்கும், அதனால முதல்ல எடுத்தீங்களே அந்த ஃபோட்டோ, அதை மொபைல்ல மட்டும் வைக்காம உங்க ஈமெயிலுக்கே ஒரு காப்பி அனுப்பி வெச்சுக்கங்க.